அறந்தாங்கிக்காரர் அடித்த எழுபத்தெட்டு

எங்கள் டீம் உயிரோடு இருந்தது மொத்தம் பதினோரு வெள்ளிக்கிழமைகள். அதில் ஒன்று மணல்காற்றில் போயிற்று, இன்னொன்றில் எதிர் டீம் வரவே இல்லை. ஆக ஒன்பது ஆட்டம். ஷார்ஜா தொழில்பேட்டையில் இப்படி முளைத்துக் காணாமல் போன டீம்கள் எத்தனையோ இருக்கின்றன. எங்களை யாரும் நினைவு வைத்திருக்க நியாயம் இல்லை.

ஆனால் அந்த ஒன்பது ஆட்டத்தின் ஸ்கோரும் போனில் ஒரு ஆப்பில் இன்னும் அப்படியே கிடக்கிறது. நேற்றுகூடப் பார்த்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு எழுபத்தெட்டு இருக்கிறது. அந்த லீக்கில் அந்த வருஷம் அதைவிடப் பெரிய ஸ்கோரை யாரும் அடிக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் பெயர் அதை அடித்தவருடையது அல்ல. பெயரை மாற்றி வைத்தவன் நான். மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவனும் நான்தான்.

நான் அப்போது ஒரு அலுமினியம், கண்ணாடி வேலை செய்யும் கம்பெனியில் டைம் கீப்பர். எனக்கு பேட்டிங் வராது, பௌலிங் வராது, கேட்ச் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் வெள்ளிக்கிழமை யாரை ஓவர்டைமுக்குப் போடுவது, யாரை விடுவது என்பது என் கையில் இருந்தது. தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் அதைவிடப் பெரிய அதிகாரம் கிடையாது. எதிர்ப்பக்கத்து ஸ்டீல் கம்பெனிக்கு டீம் இருப்பதைப் பார்த்து எங்கள் ஜி.எம்.முக்கு ரோஷம் வந்து மஞ்சள் ஜெர்சி வாங்கிக் கொடுத்தபோது, நானாகவே டீம் மேனேஜர் ஆகிக்கொண்டேன். தடுக்க யாருக்குத் தைரியம் வரும்? தடுத்தவன் அடுத்த வெள்ளிக்கிழமை சைட்டில் கண்ணாடி தூக்கிக்கொண்டிருப்பான்.

மூக்குக்கு மேல் கோபம் வேறு எனக்கு. முதல் இரண்டு ஆட்டமும் தோற்றோம். தோற்ற எரிச்சலில் விக்கெட் கீப்பரை ஒரு வாரம் நைட் டூட்டியில் போட்டேன். "கையில ஓட்டையா இருக்கு உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

எங்கள் கேம்பில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், அதனால் ஊர்தான் பெயர். பரமக்குடி, விருத்தாசலம், திருச்செங்கோடு. நான் மன்னார்குடி அண்ணன். பக்கத்துக் கட்டில்காரனின் நிஜப் பெயரே தெரியாமல் மூன்று வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் உண்டு. அந்த வழக்கம்தான் பிறகு எனக்குத் திருட்டுத்தனத்துக்கு வசதியாகப் போயிற்று.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் எங்கள் ஓபனிங் பேட்ஸ்மேன் பரமக்குடிக்கு லீவு வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் லீவு. டிக்கெட்டும் கைக்கு வந்துவிட்டது. "தள்ளிப் போடேன்டா" என்று நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். லீக் விதியோ கறார். ஒரு கம்பெனிக்கு ஒரு டீம், பதினைந்து பேர், லேபர் கார்டு நகலோடு பதிவு. ஆட்டம் ஆரம்பித்தபின் புது ஆள் சேர்க்கக் கூடாது. பரமக்குடி போய்விட்டால் முதல் பந்தைச் சந்திக்கவே எங்களிடம் ஆள் இல்லை.

அந்த வாரத்தில்தான் டயர் கடைக்குப் பின்னால் இருந்த மணல் பொட்டலில் அறந்தாங்கிக்காரரைப் பார்த்தேன். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு நாலு கடை தள்ளி ஒரு கராஜில் டென்டிங் வேலை, இடிபட்ட காரைத் தட்டி நேராக்குவது. வேலை முடிந்து யாரோ பந்து போட, சேஃப்டி ஷூவோடு நின்று அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆடத் தெரியாதே தவிர ஆட்டம் தெரியும். பந்து அவரிடம் வந்து சேர்வதற்கு முன்பே அவர் தயாராகி நின்றார். அவசரமே இல்லை. அடித்த பந்து டயர் கடைத் தகரத்தில் போய் மோதியது. கடைக்காரர் உள்ளேயிருந்து உருதுவில் திட்டினார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

அவருக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. அன்று வா போ என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அவர் என்றுதான் வருகிறது.

"தம்பி, எங்க டீமுக்கு ஆடுறியா?"

"நா வேற கம்பெனிண்ணே. விட மாட்டாங்களே?"

"பரமக்குடி பேர்ல ஆடு. அம்பயருக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் மட்டையை மணலில் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவர் கேட்டதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப ஸ்கோருல எம் பேரு வராதாண்ணே?"

"பேரு வந்து என்னடா பண்ணப் போற, தோரணம் கட்டப் போறியா?"

அவர் சிரிக்கவில்லை. ஊரில் ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள், பள்ளியில் பெண்கள் டீமில் ஆடுகிறாள். இவர் கல்ஃபுக்கு விமானம் ஏறியபோது அவளுக்கு ஒன்றரை வயது. அப்பாவும் ஒருகாலத்தில் மட்டை பிடித்தவன்தான் என்று போனில் சொன்னால், "சும்மா கதை விடாதீங்கப்பா" என்கிறாளாம். கடைசியாக லீவில் போன இரண்டு முறையும் மழை, கல்யாணம், கோர்ட் வேலை என்று மகளோடு ஒரு நாள்கூட இறங்கி ஆட முடியவில்லை. "அது எல்லா மேட்சையும் போன்ல பாக்குதுண்ணே. நம்ம லீக்கும் அதுல வரும்ல? ஒரு தடவ எம் பேரப் பாத்துச்சுன்னா போதும்."

"அவ்வளவுதானே? இப்ப ஆடு. சீசன் முடிஞ்சதும் கமிட்டிகிட்ட நானே சொல்லி உன் பேருக்கு மாத்தித் தர்றேன். என் பொறுப்பு." தோளில் தட்டிச் சொன்னேன். அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னேன்.

மூன்றாவது ஆட்டத்தில் முப்பத்தொன்று, நாலாவதில் நாற்பத்தைந்து. தோற்றுக்கொண்டிருந்த டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. பீல்டிங்கில் நம் ஆட்கள் "அறந்தாங்கி, உனக்குதான், பிடி!" என்று கத்துவார்கள். எதிர் டீம் கேப்டன் சந்தேகப்பட்டு அம்பயரிடம் போனான். அந்த அம்பயர் பெஷாவர்காரர், ஜும்மா தொழுகைக்கு முன்னால் இரண்டு ஆட்டத்தை முடித்தாக வேண்டிய அவசரத்தில் இருந்தார். நான் குறுக்கே பாய்ந்து, "பாய், அது ஊர் பெயர், நாங்கள் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்" என்று அரைகுறை ஹிந்தியில் விளக்கினேன். அவர் கையை உதறி, "அச்சா அச்சா, யல்லா, ஜல்தி கரோ" என்று போய்விட்டார். எவ்வளவு சாமர்த்தியம் எனக்கு! நான் கேம்பில் இல்லை, குடும்பத்தோடு வெளியே வீடு எடுத்திருந்தேன்; வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைப் பெருமையாக நடித்துக் காட்டினேன்.

ஐந்தாவது ஆட்டம்தான் அந்த எழுபத்தெட்டு. பன்னிரண்டு ஓவர் ஆட்டத்தில் எழுபத்தெட்டு என்றால் ஆட்டம் தெரிந்தவர்களுக்குப் புரியும். சிமெண்டு தரையில் விரித்த பாய், டேப் சுற்றிய டென்னிஸ் பந்து, மார்ச் மாத வெயில். ஸ்டீல் கம்பெனியின் வேகப்பந்துக்காரனை அவர் மூன்று முறை வேலிக்கு அப்பால் லாரிகள் நிற்கும் இடத்துக்கு அனுப்பினார். ஐம்பது வந்ததும் அம்பயர் பரமக்குடியின் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். இவருக்குத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. நான் வெளியிலிருந்து, "மட்டையத் தூக்குடா!" என்று கத்தினேன். பாதி தூக்கி, இறக்கிவிட்டார்.

அன்று மதியம் ஊரில் இருந்துகொண்டே பரமக்குடி அந்த ஸ்கோரைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். எனக்கும் போன் செய்தான். "அண்ணே, மாமனார் வீட்டுல கோழி அடிச்சுப் போட்டாங்கண்ணே, நல்லா ஆடியிருக்கேன்ல?" மாமனார் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டே ஷார்ஜாவில் எழுபத்தெட்டு அடித்தவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்கும். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சாயங்காலம் அறந்தாங்கிக்காரர் வந்தார். மகளிடம் சொல்லிவிட்டிருக்கிறார். அவள் உடனே தேடிப் பார்த்திருக்கிறாள். "அதுல வேற பேருல்லப்பா இருக்கு" என்றாளாம்.

"மேனேஜர் மாத்தித் தருவாருன்னு சொல்லியிருக்கேண்ணே."

"டேய், இப்ப போய் வாயத் தொறந்தா டீமையே தூக்கிடுவாங்க. செமி ஃபைனல் போகப் போறோம். கொஞ்சம் பொறு."

"சரிண்ணே" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரிண்ணே சொல்கிற ஆள். அடுத்த வாரமும் அதையே சொன்னேன், அதற்கடுத்த வாரமும் சொன்னேன். ஊரில் அந்தப் பெண் தன் டீம் பிள்ளைகளிடம் எங்கப்பா எழுபத்தெட்டு அடித்தார் என்று சொல்லி, அவர்களும் ஆப்பைப் பார்த்துவிட்டுக் கேலி செய்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவளை எழுபத்தெட்டு என்றே கூப்பிடுகிறார்களாம். "ரொம்ப அழுவுதுண்ணே." நான் அப்போது செமி ஃபைனலுக்கு யாரை மூன்றாவது இறக்குவது என்ற கவலையில் இருந்தேன்.

அந்த செமி ஃபைனல் நடக்கவேயில்லை. கம்பெனிக்குச் சவுதியில், தம்மாமில் ஒரு பெரிய வேலை கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை காலை நோட்டீஸ் போர்டில் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் ஒட்டினார்கள். டீமில் ஏழு பேர் அதில் இருந்தார்கள், இரண்டு பௌலரும் கீப்பரும் சேர்த்து. ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, "கிரிக்கெட் கலாஸ்" என்றார். அவ்வளவுதான் எங்கள் டீம். மிச்சம் இருந்தவர்கள் ஜெர்சியை வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் சிலிக்கான் பசை படிந்து விறைத்துப்போயிற்று.

அறந்தாங்கிக்காரருக்கு மட்டும் ஒரு வகையில் நிம்மதி. "இனி மாத்திடலாம்லண்ணே? டீமே இல்லைல்ல, யாரத் தூக்கப் போறாங்க?" நியாயமான கேள்வி. எனக்கும் சாக்கு தீர்ந்துவிட்டது. லீக் நடத்தியவர் ஒரு ஹைதராபாத்காரர், ஷார்ஜாவிலேயே முவைலா பகுதியில் விசா பேப்பர் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். எங்கள் வீடும் முவைலாவில்தான். விலகல் கடிதம் கொடுக்கப் போகும்போது நேரில் சொல்லிவிடலாம், நீயும் வா என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைக் கேம்ப் வாசலில் காரில் ஏற்றிக்கொண்டேன். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை, கால்சட்டைக்குள் செருகியிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அவருடைய லேபர் கார்டு நகல். "எதுக்குடா?" என்றேன். "கேட்டாங்கன்னா காட்டணும்லண்ணே." வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். சாதாரணமாக அவ்வளவு பேசுகிறவர் இல்லை. மகள் இடது கையால் ஆடுகிறாளாம், அது யாரிடமிருந்து வந்தது என்றே தெரியவில்லையாம்.

டைப்பிங் சென்டரில் கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஹைதராபாத்காரர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். மற்ற கம்பெனி டீம்கள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுவார்கள், ஒழுங்காகக் கடிதம் எழுதிக்கொண்டு நேரில் வந்து சொல்கிற டீம் நீங்கள்தான் என்றார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஷீல்டு எடுத்தார். அந்த சீசனின் மிக நேர்மையான அணி. "ஏக் நம்பர் டீம், பாய்" என்று எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

ஷீல்டு என் கைக்கு வந்துவிட்டது. ஒருவர் போனை உயர்த்தி ஸ்மைல் என்றார். அறந்தாங்கிக்காரர் வாசல் கண்ணாடிக் கதவை ஒட்டி, பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? ஷீல்டைத் திரும்ப வாங்கியிருப்பார்கள், நாலு பேர் முகம் சுளித்திருப்பார்கள். அதற்குமேல் ஒன்றும் ஆகியிருக்காது. நான் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

"கூட யார்?" என்று ஹைதராபாத்காரர் கேட்டார்.

"ஃப்ரெண்டு" என்றேன்.

திரும்பும்போது காரில் அவர் அந்த பிளாஸ்டிக் உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். நானாக, "நேரம் சரியில்லடா, அடுத்த வாரம் தனியா பாத்துச் சொல்லிடுறேன்" என்றேன். "வுடுங்கண்ணே" என்றார். வுடுங்கண்ணே என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷீல்டு திங்கட்கிழமை ஆபீஸ் ரிசப்ஷனில் ஏறியது. ஜி.எம். அதோடு நின்று போட்டோ எடுத்து கம்பெனி க்ரூப்பில் போட்டார்.

பத்து நாள் கழித்து, வீட்டில் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தேன். இந்திய நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். ஆப்பில் எங்கள் டீம் பக்கத்தில் மேனேஜர் என்று என் நம்பர் இருக்கும், அங்கிருந்து எடுத்திருக்கிறாள். அழுத்தினேன். சின்னப் பெண்ணின் குரல், எழுதி வைத்துப் படிப்பது போல நிறுத்தி நிறுத்தி வந்தது.

"வணக்கம் அங்கிள். எங்கப்பா உங்க டீம்ல வேற ஒருத்தர் பேர்ல ஆடி செவன்ட்டி எய்ட் அடிச்சேன்னு சொல்றாங்க. அது உண்மையா அங்கிள்? நீங்க ஆமான்னு ஒரு மெசேஜ் போட்டா போதும். அத எங்க பி.டி. மிஸ்கிட்டயும் டீம்லயும் காட்டிடுவேன். தேங்க்ஸ் அங்கிள்."

அந்த மெசேஜை அவள் மிஸ்ஸிடம் காட்டுவாள், மிஸ் யாருக்கோ அனுப்புவார், சுற்றிச் சுற்றி முவைலாவுக்கு வந்து சேரும். வேறு ஆளின் லேபர் கார்டில் ஆள் இறக்கியவன் என்று வரும். அதுவும் கம்பெனி டைம் கீப்பர். ரிசப்ஷனில் ஷீல்டு வேறு தொங்குகிறது. பயம் வந்தால் என் புத்தி எவ்வளவு வேகமாக ஓடும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மெசேஜ் அவள் காதிலும் விழுந்திருந்தது. "ஒரு புள்ள கேக்குது. ஆமான்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன். கையைக் கழுவிவிட்டு டைப் செய்தேன்: எங்கள் டீமில் அப்படி யாரும் ஆடவில்லை பாப்பா, ரெக்கார்டில் உள்ளதுதான் சரி. அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டாள். ஓகே அங்கிள், தேங்க்ஸ் என்று வந்தது. மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மூன்று நாள் தாக்குப் பிடித்தேன். நாலாவது நாள் மத்தியான பிரேக்கில் கராஜுக்குப் போனேன். அவர் ஒரு வெள்ளைக் காரின் கதவைக் கழற்றிப் பெஞ்சில் போட்டு, நெளிவை உள்பக்கமிருந்து தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். கோபமாக இருப்பார், திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாப்பா உங்கள்ட்ட கேட்டுச்சாம்லண்ணே."

தலையாட்டினேன்.

"எனக்குப் போன் போட்டு, மேனேஜர் அங்கிள் இல்லேங்கிறாங்களேப்பான்னுச்சு. ஆமாத்தா, அப்பா சும்மாதான் சொன்னேன், நான் ஆடலன்னுட்டேன்."

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்றேன். கேட்க எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

"நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு சொன்னா அது எத்தன நாளைக்கு அல்லாடும்ணே? பள்ளிக்கூடத்துல தெனம் சண்ட. பொய்யின்னே இருந்துட்டா ரெண்டு நாளு அழுவும், அப்புறம் விட்ரும்ல."

"போனப் போடு. இப்பவே போடு. நான் பேசுறேன். நீதான் அடிச்சன்னு நானே சொல்றேன். யாருக்கு வேணா காட்டட்டும், எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்." நிஜமாகவே சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். என் போனை எடுத்து அந்த நம்பரையும் தேடிவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.

"வேணாம்ணே. இப்ப நீங்க சொன்னா, அப்பா ஆளப் புடிச்சு சொல்ல வைக்கிறாருன்னுதான் நெனைக்கும்."

கதவைத் திருப்பிப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தார்.